கத்தியா, கையா

“ஏன்டி, உன் வீட்டுக்காரரைப் பூனை ஏதாச்சும் பிறாண்டிடுச்சா?”

கீழ்வீட்டுக்காரி இதைக் கேட்டது மாடிப்படியில், துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சுற்றியிருக்கிற நாலு வீட்டுக்கும் கேட்கிற குரலில். அவளுக்குக் குரலைத் தணிக்கத் தெரியாது. ரகசியம் என்று ஆரம்பித்தால்கூட அது தெருமுனை வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பும்.

“எங்க வீட்ல ஏதுக்கா பூனை?”

“அப்ப நீதான் பிறாண்டினியா?” என்று கேட்டுவிட்டு அவளே சிரித்து, அவளே இருமி, கூடையோடு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

இவளும் சிரித்துவைத்தாள். ஆனால் அன்று சாயங்காலம் புருஷன் வந்து விளக்கடியில் உட்கார்ந்ததும், தட்டை வைக்கிற சாக்கில் அவர் முகத்தைப் பார்த்தாள். தினம் பார்க்கிற முகம்தான். தினம் பார்க்கிற முகத்தை யார் பார்க்கிறார்கள்? தாடையோரம் இரண்டு கீறல். மோவாயின் கீழே ஒன்று காய்ந்து கறுத்திருந்தது. கழுத்தில், தொண்டைமேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, இன்னும் சிவப்பாக.

அவர் கடைத்தெருவில் இருக்கிற கோட்டு சூட்டுக் கடையில் கட்டிங் மாஸ்டர். கடையில் தைக்கிறவர்கள் பலர். மேல்துணியில் கத்தரி வைக்கிறவர் அவர் ஒருவர்தான். வீட்டிலும் தெருவிலும் அவருக்கு மாஸ்டர் என்றே பெயர். அவள் அதே கடைக்கு வீட்டில் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பாள். அதனால் அவள் காஜாக்கா. இரண்டு பேருக்கும் சொந்தப் பெயர் இருந்தது. கூப்பிடத்தான் ஆளில்லை.

ரெடிமேட் சட்டை என்றால் மாஸ்டருக்கு முகம் சுளிக்கும். அதே கோபம் பிளேடு போட்டு வழிக்கிற ரேசர்மேலும் உண்டு. “கண்டவனுக்கும் ஒரே அச்சுல அடிச்ச சாமான், அதை வச்சு என் முகத்தை ஏன் வழிக்கணும்?” என்பார். சலூன் படியும் மிதிக்கமாட்டார். கழுத்தை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது அவருக்கு ஆகாது. அவரிடம் மடக்குகிற சவரக்கத்தி ஒன்று இருந்தது. மாஸ்டர் ஆன வருஷம் வாங்கியது. தினமும் காலையில் சன்னல் பக்கம் கண்ணாடியை மாட்டி அதில்தான் வழித்துக்கொள்வார். வாரம் ஒருநாள் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி அதன் தோலில் இழுப்பார். எப்போதாவது கல்லில் தீட்டுவார். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அவரிடம் பேசக்கூடாது.

அவர் கல்லை எடுத்துப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. இப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது.

“முகமெல்லாம் கீறலா இருக்கே?”

“கத்தி மழுங்கிப்போச்சு.”

“தீட்டறதுதானே?”

“கல்லு சரியில்ல.” அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

கல் சரியில்லையென்றால் வேறு கல் வாங்கலாம். அவர் வாங்கவில்லை. டீயை இப்போதெல்லாம் அரை டம்ளர்தான் கேட்கிறார், வயிறு சரியில்லையாம். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடாமலே கிளம்புகிறார், புழுக்கமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாமே நம்பக்கூடிய காரணம். அவளும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். பூனை பேச்சுக்குப் பிறகு அந்தக் காரணங்களெல்லாம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் போய் நின்றுகொண்டன.

கடையில் ஒரு துணி வந்திருந்தது. கம்பளி, கருநீலம். ஒரு டாக்டர் தன் கல்யாணக் கோட்டுக்காக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. ஒரு கோட்டுக்கு மட்டும் போதும். பிசகினால் அதே துணியில் இன்னொரு துண்டு கிடைக்காது. முதலாளி அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். “எங்க மாஸ்டர் கைக்குன்னு வந்த துணி” என்பது அவர் பேச்சு. இரண்டு வாரத்தில் வெட்ட வேண்டும்.

கத்தி மழுங்கியதால் கீறுகிறதென்றால் ஒன்றுமில்லை. கை நடுங்கிக் கீறுகிறதென்றால் அந்தத் துணி போச்சு. துணியோடு மாஸ்டர் என்கிற பேரும் போச்சு. கத்தியா, கையா? அவரைக் கேட்டால் பதில் வராது. கத்தியைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் அவள் கத்தியைப் பிரித்துக் கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுத்தாள். கூர் இருந்தால் நகத்தில் பிடிக்கும். இது வழுக்கிக்கொண்டு போயிற்று. முன்கை முடியில் வைத்துப் பார்த்தாள். முடி படுத்துக்கொண்டதே தவிர அறுபடவில்லை. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. கத்தி நிஜமாகவே மழுங்கியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை.

தையல் வீட்டில் கத்தரி தீட்டத் தெரியாத பெண்பிள்ளை உண்டா? அவள் கல்லை நனைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கத்தரிக்குச் செய்வதுபோலக் கத்தியின் முதுகை ஒரு விரல் அளவு தூக்கி, கூரான வாய்மட்டும் கல்லில் படும்படி சாய்த்து, நன்றாக அழுத்தித் தீட்டினாள். சாம்பல் நிறத்தில் குழம்பு வந்தது. துடைத்துப் பார்த்தபோது வாயோரம் வெள்ளிக்கம்பிபோல ஒரு பளபளப்பு. அவளுக்கே பெருமையாக இருந்தது.

காலையில் சன்னல் பக்கமிருந்து சத்தம் வந்தது.

“யாரு இதைத் தொட்டது?”

“நான்தான். தீட்டி வச்சேன்.”

“இது என்ன, காய் நறுக்கற கத்தியா? வாய் மொத்தமும் ரம்பமா கிடக்கு. இதுல மரம் அறுக்கலாம்.”

அவர் கன்னத்தில் நுரையும் ரத்தமும் கலந்து இளஞ்சிவப்பாக இறங்கியது. பாதி வழித்த முகத்தை அப்படியே கழுவிக்கொண்டு கத்தியை அலமாரியில் வைத்தார். “கெடுத்தவதான் சரி பண்ணணும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தானே உட்கார்ந்து சரிசெய்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. அவள் அதைக் கவனித்தாள். கவனித்ததை ஓரமாக வைத்துவிட்டாள். தான் கெடுத்தது கெடுத்ததுதானே.

மாஸ்டர் தாடியோடு கடைக்குப் போக ஆரம்பித்தார். காஜா மூட்டையைக் கொடுக்க அவள் போனபோது அங்கே இருந்த உதவி கட்டர் அவளைத் தனியாக ஓரங்கட்டினான். மாஸ்டருக்குக் கீழே வெகு காலமாக வேலை செய்கிறவன், கல்யாணமாகிப் பிள்ளை இருக்கிறவன். கடையில் அவனை அரை மாஸ்டர் என்பார்கள். கோட்டின் உள்பைக்கும் உள்துணிக்கும்தான் அவன் கத்தரி வைக்கலாம்.

“அண்ணி, அண்ணன் ஏன் தாடி விட்டுட்டாரு? இந்த வயசுல காதல் தோல்வியா?”

“கத்தி கெட்டுப்போச்சு.”

“நம்பிட்டேன்” என்றான் அவன். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

திரும்புகிற வழியில் சலூன். உச்சிவேளை, ஆளில்லை. சலூன்காரன் இளவட்டம், புதிதாக நிச்சயமானவன். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு யாரிடமோ கொஞ்சிக்கொண்டிருந்தான். அவள் காஜா மூட்டையோடு கொண்டுவந்திருந்த கத்தியை நீட்டினாள்.

“ஐயோ அக்கா, இதெல்லாம் நான் எங்க தீட்டறேன்? பிளேடை மாட்டு, வழி, தூக்கிப் போடு. அவ்வளவுதான் நம்ம பொழப்பு.” போனில், “இல்ல இல்ல, உன்னைச் சொல்லல, நீ எங்கிட்டதான் இருக்கணும்” என்றான். அப்புறம் கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். “முதுகைத் தூக்கித் தீட்டினீங்களா?”

“கத்தரி தீட்டற மாதிரி.”

“அதான். கத்தரி வேற, இது வேற. இதுக்கு முதுகு ஏன் இவ்வளவு தடியா இருக்கு? சாய்மானம் அதுலயே இருக்கு. முதுகும் வாயும் ரெண்டும் கல்லுல படுத்திருக்கணும். வாய் முன்னால போகணும். திருப்பும்போது முதுகு மேலதான் உருளணும். அழுத்தவே கூடாது. தோல்ல இழுக்கறப்ப மட்டும் தலைகீழு.” மறுபடி போனுக்கு, “தலைகீழா நின்னாலும் இன்னைக்கு வர முடியாதும்மா, கடை இருக்குல்ல?”

“கல்லு சரியில்லைன்னு சொல்றாரு.”

“கல்லு மேல கண்ணாடித் துண்டை வச்சுப் பாருங்க. அடியில வெளிச்சம் தெரிஞ்சா பள்ளம்.”

அவ்வளவுதான் பாடம். அடுத்த ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றிக் கல்லின்மேல் படுக்கவைத்துப் பார்த்தாள். நடுவில் வெளிச்சம் ஆற்றுப்பாலத்தடியில் தெரிவதுபோலத் தெரிந்தது. பள்ளம்தான். இத்தனை வருஷமாக அதில் கத்தரியை இழுத்து இழுத்துப் பள்ளம் போட்டது அவள்தான். ஆக கல்லும் நிஜமாகவே சரியில்லை. இன்னொருமுறை வயிற்றில் பால். கல்லை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ச் சிமெண்டுத் தரையில் மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. துணி உலர்த்த வந்த கீழ்வீட்டுக்காரி நின்று பார்த்தாள்.

“கல்லைத் தேய்ச்சு என்னடி பண்ணப்போற? வைரம் வருமா?”

“வந்தா உனக்குத் தர்றேன்க்கா.”

“தோட்டுக்குப் போதும். பெருசா வேணாம்.”

கல் சமமானதும் முதலில் சொரசொரப்பான பக்கம். அவள் பண்ணிவைத்த ரம்பத்தைத் தேய்த்துத் தீர்ப்பதற்கே பல மத்தியானம் போயிற்று. கத்தியைப் படுக்கவைத்துத் தள்ளினாள். விரலை வாய்ப்பக்கம் வைத்தால் அழுத்தம் கூடுகிறது என்று தெரிந்து, விரலை முதுகுக்கு நகர்த்தினாள். கல்லில் தண்ணீர் நிற்கிற விதத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். வாய் சரியாகப் படிந்திருந்தால் தண்ணீர் அதற்கு முன்னால் ஒரே மடிப்பாக ஓடும். எங்காவது படியாவிட்டால் அந்த இடத்தில் தண்ணீர் வாய்க்கு அடியில் நழுவிவிடும். துணியில் சுருக்கம் தள்ளுகிற மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள். அதன்பிறகு கை தானாகவே பழகியது.

நைசான பக்கத்துக்கு வந்தபிறகு அவளுக்கு ஆசை கூடியது. அங்கேதான் அடுத்த தப்பு. தோலில் இழுக்க வேண்டும் என்பது நினைவிருந்தது, தலைகீழு என்பது மறந்துபோயிற்று. வீட்டில் இருந்த தோல் மாஸ்டரின் இடுப்பு பெல்ட் ஒன்றுதான். அதைச் சன்னல் கம்பியில் கட்டி, கல்லில் தள்ளுவதுபோல வாயை முன்னால்விட்டுத் தள்ளினாள். கத்தி பெல்ட்டுக்குள் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கிவிட்டது. கூர் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதா, பெல்ட் போயிற்று என்று பயப்படுவதா என்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றாள்.

ஊருக்கெல்லாம் இடுப்பு அளந்து பேண்ட் வெட்டுகிற மாஸ்டர் அடுத்தநாள் ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டே கடைக்குப் போனார்.

“நீ முடிச்சதும் சொல்லு. வீட்ல மிச்சம் என்ன இருக்குன்னு எண்ணிப் பாத்துக்கறேன்” என்று மட்டும் சொன்னார். அவர் அப்படி வேடிக்கையாகப் பேசி நாளாகியிருந்தது. அதற்காகவே இன்னொரு பெல்ட்டை அறுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பெல்ட்டின் முழுசாக இருந்த பாதியில், முதுகை முன்னால்விட்டு, வாய் பின்னால் வரும்படி இழுத்தாள். போகும்போதும் வரும்போதும் ஒரே சத்தம் வரவேண்டும். ஒரு பக்கம் கூடிக் கேட்டால் கை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சத்தம் ஒன்றானதும் நிறுத்தினாள். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு, அசையாத கத்தியின்மேல் இறக்கினாள். முடி தொட்ட இடத்திலேயே இரண்டாகி, கீழ்ப்பாதி தரையில் விழுந்தது. நம்பாமல் இன்னொன்று பிடுங்கினாள். அதுவும் அப்படியே.

பிறகு துடைத்தாள். பிடிக்குள் மடங்குகிற ஆணிப்பக்கம் ஈரம் தங்கும், அங்கேதான் முதலில் துரு ஏறும். துணிநுனியை உள்ளே விட்டு உறிஞ்சினாள். தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து வாயோரம் தடவினாள். மடக்காமல், ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்தாள். தினமும் கூர் பார்த்துப் பார்த்தே அவள் முன்கை இரண்டும் மழமழவென்று இருந்தன. கீழ்வீட்டுக்காரி அதையும் விடவில்லை. “என்னடி, கையெல்லாம் உரிச்ச கோழி மாதிரி இருக்கு?”

மறுநாள் காலையில் அவள் அடுப்படியிலேயே நின்றாள். பார்க்கவில்லை, காதைத்தான் கொடுத்தாள். நல்ல கூரில் தாடி அறுபடும் சத்தம் புதுத்துணியைக் கிழிக்கிற சத்தம்போல இருக்கும். அது கேட்டது. இரண்டு இழுப்பு. மூன்று இழுப்பு. அவளுக்குப் போய் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அப்புறம் சத்தம் நின்றது. வெகுநேரம் நின்றது. திரும்ப ஆரம்பித்து, திரும்ப நின்றது.

அவர் படிகாரக் கட்டியைத் தாடையில் அழுத்தியபடி வந்தார். பழைய கீறல்கள் பிறாண்டினமாதிரி இருந்தன. இது அப்படியில்லை. மெல்லிய, நேரான கோடு. அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் ஆரம்பித்து, முடிகிற இடத்தில் மட்டும் சின்னச்சின்னதாக நெளிந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை.

“ரொம்பக் கூராப் போட்டுட்ட” என்றார்.

கூர் போதவில்லை என்றவர் கூர் அதிகம் என்கிறார். கேட்ட கேள்விக்குக் கத்தி பதில் சொல்லிவிட்டது.

அன்று அவர் போனபிறகு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஒரு இழுப்பு போதும், கூர் செத்துவிடும். நாளைக்கு அவர் கத்தி மழுங்கிவிட்டது என்பார். அவள் ஆமாம் என்பாள். திரும்பத் தீட்டலாம். அப்படியே எத்தனை நாள் வேண்டுமானாலும் ஓட்டலாம். டம்ளரைக்கூட எடுத்துவிட்டாள். ஆனால் துணியை வெட்டுகிற நாள் நாளை. அந்தக் கருநீலம் அவள் கண்முன்னால் வந்து விரிந்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுக் காஜாவை எடுத்தாள்.

காலையில் அவர் சன்னலுக்கு வருமுன்பே நுரை கலக்கி வைத்துவிட்டு, நாற்காலியைப் போட்டுக் கத்தியோடு நின்றாள்.

“என்ன இது?”

“உக்காருங்க. நான் வழிச்சு விடறேன்.”

“ஏன், எனக்கு என்ன?”

“இன்னைக்கு அந்தத் துணி வெட்டறீங்கல்ல?”

“பின்னே யாரு வெட்டறது? அரை மாஸ்டரா?” கையை நீட்டினார். “குடு. கத்தியில இன்னும் ஏதோ கோளாறு இருக்கு, நான் பாக்கறேன்.”

அவள் கொடுக்கவில்லை. “கத்தி நல்லா இருக்குங்க. நான் பாத்துட்டேன்.”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அந்தரத்தில், பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல், தண்ணீரில் மிதக்கிற மாதிரி அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். அப்புறம் அவர் அதை மடிக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் தடவையாக இன்னொருவர் முகத்தில் கத்தி வைக்கிறாள். கன்னத்துத் தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள், காஜாவுக்குத் துணியை விறைப்பாகப் பிடிப்பதுபோல. அழுத்தவில்லை. கத்தி தானாகவே போயிற்று. தொண்டைமேட்டுக்கு வந்ததும் அவர் பேசினார், உதடு அசையாமல்.

“இத்தனை வருஷக் கோபத்தையும் இன்னைக்கே தீத்துக்காத.”

“பேசாதீங்க. ஆடுது.”

அதன்பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கீறல் விழவில்லை. எழுந்து, சட்டையை மாட்டி, கழுத்துப் பொத்தானை வெகுநேரம் போட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினார்.

காஜா மூட்டை இன்னும் முடியவில்லை. முடிந்தவரைக்கும் கட்டிக்கொண்டு அவள் மத்தியானமே கடைக்குப் போனாள். வெட்டு மேசையில் வேறெதுவும் இல்லை. கருநீலம் விரிந்து கிடந்தது. மாஸ்டர் சாக்பீஸால் கோடுகள் போட்டு முடித்திருந்தார். நேர்கோடுகளுக்கு அளவுகோல் உதவியிருந்தது. கோட்டின் கை வந்து பொருந்துகிற கைக்குழியின் வளைவைத்தான் கையாலேயே போட வேண்டும். அதை அழித்து அழித்துப் போட்டதில் அந்த இடம் வெளுத்துப்போயிருந்தது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அரை மாஸ்டர் துணி நகராமல் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் வாசலிலேயே மூட்டையோடு நின்றுவிட்டாள்.

மாஸ்டர் பெரிய கத்தரியை எடுத்து அதன் வாயைத் திறந்தார். நுனி, போட்டிருந்த கோட்டுக்கு மேலே வந்து நின்றது. கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம். இறங்கவில்லை.

“என்ன மாஸ்டர், கத்தரி சரியில்லையா?” முதலாளி அக்கறையாகத்தான் கேட்டார். “வேணும்னா சாணை பிடிக்க அனுப்பிடலாம். நாளைக்கு வெட்டிக்கலாம், ஒண்ணும் அவசரமில்ல.”

மாஸ்டர் கத்தரியை மூடினார். அதைத் திருப்பிப் பார்த்தார். முதலாளி நல்ல மனசோடு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் நுழைந்தால் நாளைவரை போகலாம். நாளைக்கு இன்னொரு கதவு திறக்கும்.

“கத்தரி நல்லாத்தான் இருக்கு” என்றார் மாஸ்டர்.

கத்தரியின் பிடியை அரை மாஸ்டர் பக்கம் நீட்டினார். பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நினைத்து அவன் வாங்கிக்கொண்டான். மாஸ்டர் மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போய், துணியின் முனையை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டு நின்றதும்தான் அவனுக்குப் புரிந்தது. அவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கோட்டைப் பார்த்தார்.

“தோள்ல ஆரம்பி” என்றார். “கத்தரியோட அடிவாய் மேசையை விட்டு எழும்பக் கூடாது.”

அரை மாஸ்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கத்தரியை வைத்தான். தடித்த கம்பளி கனமாக, மெதுவாக அறுபட்டது. தோள் முடிந்து கைக்குழியின் வளைவுக்கு வந்தபோது ஒரு நொடி தயங்கினான், அப்புறம் சரியாகத் திரும்பிக் கோட்டை விடாமல் முடித்தான். வெட்டின துண்டு தனியாக நகர்ந்தது. மாஸ்டர் அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

பிறகு கையை எடுத்தார். கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டி மேசை ஓரத்தில் வைத்தார். வாசலில் நின்றவளை அவர் பார்த்தாரா என்று சொல்ல முடியாது, பார்வை அவள்மேல் பட்டுத்தான் போயிற்று. அவர் இடது காதுக்குக் கீழே கொஞ்சம் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் அவள் அதைத் துடைக்காமல் விட்டிருக்கிறாள். உள்ளே கத்தரி அடுத்த கோட்டில் இறங்கியது. மாஸ்டர் அவளைத் தாண்டிப் படியிறங்கிப் போய்விட்டார்.